எட்டு பாட்டில் சோளத்தில் ஐந்து கெட்டுப்போனது: காளான் வித்து தயாரிப்பில் எங்கே தவறினேன்?

கொல்லைப்புறம் (மன்னார்குடி) எழுதியது:

வணக்கம். கேள்வி நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிக் கேட்டால் "சுத்தம் போதாது" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. என் சமையலறையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளாகக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். ஒரு நேரத்தில் இருபது படுக்கைக்கு (வேகவைத்த வைக்கோலும் வித்தும் அடைத்த பை) மேல் போனதில்லை. வீட்டுக்குப் போக மிச்சம் எங்கள் தெருவிலேயே தீர்ந்துவிடும். வித்து, அதாவது வெந்த சோளத்தில் காளான் இழையைப் படரவிட்ட விதை, அதை மட்டும் தஞ்சாவூர் போய் வாங்கி வருவேன். போன வைகாசியில் வாங்கிய ஆறு பையும் ஒரே நாளில் செத்தன. பஸ்ஸில் கூட்டம், பையை முன்னால் என்ஜின் மூடியின் மேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மன்னார்குடியில் இறங்கி எடுத்தபோது அது அப்போதுதான் இறக்கிய இட்லிப் பானை மாதிரிச் சுட்டது. அந்த வித்தைப் போட்ட படுக்கை ஒன்றில்கூட வெள்ளை இழை ஓடவில்லை. வைக்கோல், கூலி, வித்து எல்லாம் போனது. இனி வித்தை நானே பாட்டிலில் செய்துகொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

செய்தது இதுதான். வெள்ளைச் சோளம் ஒன்றரைக் கிலோ. கழுவி நேராக அடுப்பில் ஏற்றினேன். நன்றாக வேகட்டும் என்று ஒரு மணி நேரம் கொதிக்க விட்டதில் பாதி மணி வெடித்துவிட்டது. வடித்து, சல்லடையில் பத்து நிமிடம் வைத்து, சூட்டோடு முதல் நான்கு பாட்டில்களை நிரப்பினேன். கால்சியம் கார்பனேட் சேர்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். கடையில் கிடைக்காததால் சின்னவனுடைய சாக்பீஸை அம்மியில் பொடித்துக் கலந்தேன். பழைய சாமான் கடையில் கண்ணாடிக் குளுக்கோஸ் பாட்டில் ஏழுதான் கிடைத்தது. எட்டாவதற்கு எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். ஏழுக்கும் மருந்துக்கடைப் பஞ்சை உருட்டி அடைத்தேன். ஊறுகாய் பாட்டிலுக்கு அதன் இரும்பு மூடியையே இறுக்கித் திருகினேன்.

எங்கள் வீட்டுக் குக்கர் 12 லிட்டர். ஒரு ஈட்டுக்கு நான்கு பாட்டில்தான் நிற்கும். முதல் ஈடு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விசில் வந்த பிறகு 45 நிமிடம் வைத்தேன். அடுத்த ஈட்டை ஏற்ற வேண்டுமே என்ற அவசரத்தில் விசிலைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றி, பாட்டில்களைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் ஆற வைத்தேன். இரண்டாம் ஈட்டை ஏற்றியபோது நாத்தனார் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். பேச்சில் மறந்துபோய் ஒன்றே முக்கால் மணி நேரம் அடுப்பில் இருந்துவிட்டது. அதன் பிறகு அசதியில் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்; குக்கரை மறுநாள் காலையில்தான் திறந்தேன்.

சனிக்கிழமை இரவு ஜன்னல்களைச் சாத்தி, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, எட்டு பாட்டிலுக்கும் ஒரே தாய் வித்திலிருந்து (புது வித்துக்கு விதையாகப் போட வாங்கிய வித்து) இரண்டு கரண்டி அளவு உதிர்த்துப் போட்டேன். இன்றோடு பதினைந்து நாள். நிலவரம்:

1, 2: அடியில் கஞ்சி மாதிரிக் கலங்கல். மணிகள் கண்ணாடியில் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூடியருகே மூக்கை வைத்தால் புளித்த வாடை.
3, 4: மேலே, பஞ்சுக்குச் சற்றுக் கீழே பச்சை. அடிப்பகுதி வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது பச்சை கீழே இறங்குகிறது.
5 (ஊறுகாய் பாட்டில்): பாதி வரை வெள்ளை அழகாக ஓடியது. ஒரு வாரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.
6, 7: பஞ்சு போல் வெள்ளை. தட்டினால் கட்டியாக அசைகிறது.
8: வெள்ளைதான், ஆனால் பக்கவாட்டில் மஞ்சளாக நான்கைந்து சொட்டு நீர் தேங்கியிருக்கிறது. இதைத் தூக்கிப் போடுவதா?

இந்தச் சோளத்துக்குப் பதிலாகத் துவரம்பருப்பு வாங்கியிருந்தால் மாதம் முழுக்கச் சாம்பார் வைத்திருக்கலாம் என்று என் மாமியார் தினமும் ஒரு முறை சொல்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?


சிக்கனம் எழுதியது:

பாட்டில், குக்கர், ஸ்பிரிட் விளக்கு என்று இவ்வளவு பாடு எதற்கு? ஒரு பை வித்தில் இரண்டு படுக்கை போடலாம். இருபது படுக்கைக்குப் பத்துப் பை. நீங்கள் எரித்த கேஸ், கெட்ட சோளம், இரண்டு நாள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வித்து செய்வது தனித் தொழில். நாம் வைக்கோலோடு நிற்பதுதான் நல்லது என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.


கொல்லைப்புறம் எழுதியது:

கோபமில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் என்ஜின் மூடி இல்லை. வாங்குகிற வித்துப் பையில் என்றைக்குச் செய்தது என்ற தேதியும் இருப்பதில்லை. கேட்டால் "நேற்றுத்தான்" என்கிறார்கள். நான் எப்போது போனாலும் நேற்றுத்தான்.


அன்னூர் வித்துக்காரர் எழுதியது:

அம்மணி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவைப் பக்கம் ஒரு வித்துக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் சோளம் அவித்தவன் நான். இந்த அளவுக்கு விவரமாக எழுதிக் கேட்டவர்கள் குறைவு. பதிலையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்கவில்லை.

நன்றாக வந்த 6, 7, 8 மூன்றும் இரண்டாம் ஈடு. முதல் ஈட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டுக்கும் ஒரே தாய் வித்து, ஒரே இரவு, ஒரே கை. தாய் வித்து கெட்டிருந்தால் எட்டும் கெட்டிருக்கும். எனவே தாய் வித்தையும் உங்கள் சமையலறையையும் விட்டுவிடலாம். தவறு அதற்கு முந்தைய நாள் நடந்தது.

வித்துக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, பாட்டில் எந்த இடத்தில் கெட ஆரம்பித்தது என்று பார்க்க. அடியிலோ நடுவிலோ கெட்டால் உள்ளே இருந்தது சாகவில்லை, அவிப்பு போதாது. மேலே, பஞ்சுக்கு அடியில் ஆரம்பித்தால் வெளியிலிருந்து வந்தது. பஞ்சும் ஆற வைத்த முறையும் குற்றவாளிகள். போட்ட வித்தைச் சுற்றியே கெட்டால் தாய் வித்து சரியில்லை. நிறம் அடுத்த பேச்சு. இடம்தான் முதலில்.

உங்கள் 1, 2 பாட்டில்களில் இருப்பது பூசணமே இல்லை. பாக்டீரியா. சோளத்தோடு வயலிலிருந்தே வருவது. இதன் விதைமுட்டைகள் ஓடு கட்டிக்கொண்டு தூங்கும். வெறுமனே கொதிக்கிற தண்ணீரின் 100 டிகிரி அவற்றை ஒன்றும் செய்யாது. இதற்கு இரண்டு இடத்தில் அடி கொடுக்க வேண்டும். முதல் அடி, ஊறவைப்பது. சோளத்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்தால் தூங்குகிறவற்றில் பெரும்பகுதி விழித்து முளைக்கத் தொடங்கும். முளைத்தது ஓட்டை இழந்தது. பிறகு சாதாரணச் சூட்டிலேயே செத்துப்போகும். நீங்கள் ஊறவைக்கவில்லை. இரண்டாவது அடி, அழுத்தத்தில் 121 டிகிரி. வீட்டுக் குக்கர்களில் பெரும்பாலானவற்றின் விசில் எடை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். அதில் அந்தச் சூடு வரும். ஆனால் குக்கருக்குள் வந்த சூடு பாட்டிலின் நடுவில் இருக்கிற மணிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். முந்நூறு கிராம் சோளம் உள்ள பாட்டிலுக்கு 45 நிமிடம் பருப்பு வேகத்தான் போதும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வேண்டும். நாத்தனார் வீட்டு விருந்தாளிகள் அந்த நான்கு பாட்டில்களைக் காப்பாற்றினார்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் காணாது, அடி கருகி வால்வு தெறித்துவிடும். இரண்டு லிட்டர் ஊற்றி, தட்டு போட்டு அதன்மேல் பாட்டிலை நிறுத்துங்கள். விசில் போட்ட பிறகு முதல் ஆவி வந்ததும் அடுப்பைக் குறைத்து, விசில் அடிக்கவா வேண்டாமா என்று நிற்கிற நிலையில் வைத்திருங்கள். இன்னொன்று, விசிலைப் போடுவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் ஆவி பீறிட்டு வெளியேறட்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது.

இப்போது 3, 4. மருந்துக்கடைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதற்காகவே மெழுகு நீக்கிச் செய்தது. உங்கள் வேலைக்கு நேர் எதிர். ஒரு துண்டு எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உடனே மூழ்கும். மெத்தைக் கடையில் கொட்டை நீக்கிய பச்சைப் பருத்திப் பஞ்சு கேளுங்கள். அதைப் போட்டால் மிதக்கும், அழுத்தினாலும் மேலே வரும். அந்தப் பஞ்சுதான் அடைக்க வேண்டியது. அதன்மேல் செய்தித்தாளை இரண்டாக மடித்து நூலால் கட்டிவிடுங்கள், ஆவி நீர் சொட்டாது. நீங்கள் விசிலைத் தூக்கியதும் என்ன நடந்தது தெரியுமா? வெளியே அழுத்தம் சட்டென்று இறங்க, பாட்டிலுக்குள் இருந்த நீர் பொங்கிப் பஞ்சை நனைத்துவிட்டது. பிறகு மின்விசிறிக்கு அடியில் ஆற வைத்தீர்கள். ஆறுகிற பாட்டில் மூச்சை உள்ளே இழுக்கும். கூடத்துத் தூசி முழுவதையும் ஈரப் பஞ்சு வழியாக இழுத்திருக்கிறது. பச்சைக்கு வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

5 கெடவில்லை, மூச்சு முட்டி நிற்கிறது. காளானும் நம்மைப் போல் காற்றை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிற பிறவி. இறுக்கிய மூடிக்குள் எவ்வளவு நாள் இருக்கும்? மூடியில் ஆணியால் பெரிதாக ஒரு துளை போட்டு அதில் பஞ்சை அடையுங்கள். இறுக்கித் திருகிய பாட்டிலைக் குக்கரில் ஏற்றியது மட்டும் ஆபத்து. வெடிக்காமல் இருந்தது உங்கள் நல்ல நேரம்.

சோளத்தின் பதம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கடைசியில் சொல்கிறேன், அப்போதுதான் மறக்காது. ஊறிய சோளம் கொதி வந்த பிறகு அரை மணி நேரம் போதும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். ஆனால் பானையில் இருக்கும்போது தோல் வெடித்திருக்கக் கூடாது. வெடித்த மணி மாவைக் கக்கும், மாவு பசையாகும், பசையில் பாக்டீரியா குடியேறும். வடித்ததும் பழைய வேட்டியில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். பத்து நிமிடமெல்லாம் பற்றாது. ஒரு கை அள்ளிப் புறங்கையில் போட்டுப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டு விழுந்தால் பதம். நான்கு மணி ஒட்டிக்கொண்டாலும் இன்னும் காயட்டும். உங்கள் இரண்டாம் ஈட்டுச் சோளம் முதல் ஈடு முடிகிற வரை சல்லடையிலேயே காத்திருந்ததே, அதுவும் அந்தப் பாட்டில்கள் பிழைக்க ஒரு காரணம்.

சாக்பீஸ் விஷயம். கரும்பலகைச் சாக்பீஸ் பலவும் ஜிப்சம், கால்சியம் கார்பனேட் இல்லை. ஜிப்சமும் மணிகளை ஒட்டாமல் பிரித்து வைக்கும், எனவே பெரிய கேடில்லை. ஆனால் நிறச் சாயம், பிசின் என்று வேறு எதுவும் கலந்திருக்கலாம். வெந்த சோளம் ஒரு கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலப்பதுதான் எங்கள் வழக்கம். கார்பனேட் கிடைக்கவில்லை என்று யாராவது வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கிவிடாதீர்கள். அது வேறு பொருள், காரம் அதிகம்.

சிக்கனம் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தானியத்தில் வித்து செய்வதே அவ்வளவு பழைய வித்தை இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த சிண்டன் என்பவர் 1932இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பெல்லாம் மொட்டுக் காளானுக்குச் சாணக்கட்டியில்தான் வித்து. பாட்டிலைக் குலுக்கினால் உதிர்கிற ஒவ்வொரு மணியும் ஒரு விதையாகிறது என்பதுதான் அவருடைய புத்தி. அந்த வேலைக்குக் குக்கரும் பாட்டிலும் போதும் என்றால் மன்னார்குடியில் ஏன் செய்யக் கூடாது?


மொட்டைமாடி (சென்னை) எழுதியது:

அக்கா, அன்னூர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. நான் கெடுத்த கதை இரண்டு இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று, ஸ்பிரிட். கையில் தடவிக்கொண்டு ஈரம் காயுமுன் விளக்கருகே கொண்டுபோனேன். நீலமாக ஒரு தீ கை முழுக்க ஓடி அணைந்தது. முழங்கை வரை ரோமம் போனது, வேறொன்றும் இல்லை, ஆனால் அம்மா ஒரு மாதம் என்னைக் காளான் பக்கம் விடவில்லை. இப்போது விளக்கே வைப்பதில்லை. பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் கை நுழைகிற அளவு இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். உள்ளே 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுப் பிறகு கையை நுழைத்து வேலை செய்வேன். காற்று அசையாவிட்டால் தூசி கீழே படிந்துவிடும், பாட்டில் வாய்க்குள் வராது. மின்விசிறி நிறுத்தி அரை மணி ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, ஆரஞ்சு. பச்சையையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு முறை பஞ்சின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பாக, செங்கல் பொடி தூவியது போல் வந்தது. என்னவென்று பார்க்கலாம் என்று பஞ்சை உருவினேன். அந்தத் தூள் அறை முழுக்கப் பறந்தது. பிறகு மூன்று மாதம் என்ன செய்தாலும் பாட்டிலுக்குப் பாட்டில் ஆரஞ்சு. வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகுதான் நின்றது. கெட்ட பாட்டிலை வீட்டுக்குள் திறக்காதீர்கள்.

கோடைக்கு ஒரு யோசனை: சித்திரை, வைகாசியில் சிப்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பால் காளான் 30 முதல் 35 டிகிரியில்தான் சந்தோஷமாக இருக்கும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.பி.கே. 2 ரகத்தை மொட்டைமாடிக் கொட்டகையில் வளர்க்கிறேன். வித்து தயாரிப்பு இதே சோளம், இதே பாட்டில். படுக்கைக்கு மேல் மண் மூடாக்குப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் கூடுதல் வேலை.


கொல்லைப்புறம் எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஊறவைக்காமல் அவித்தேன் என்ற இடம் வந்ததும் கையைத் தட்டிச் சிரித்துவிட்டார். "நெல்லை ஊறப்போடாமல் அவிப்பாளா எவளாவது? அதுவும் தானியம்தானே" என்றார். நாற்பது ஆண்டு புழுங்கலரிசிக்கு அண்டா அண்டாவாக நெல் அவித்த கை அது. இத்தனை நாள் இந்த வீட்டில் யாரிடம் கேட்டிருக்க வேண்டுமோ அவரிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

மூன்று சந்தேகம். 8ஆம் பாட்டிலின் மஞ்சள் நீர் என்ன? கெட்டவற்றை எப்படி ஒழிப்பது? நன்றாக வந்த 6ஐயே தாய் வித்தாக வைத்து இன்னும் பாட்டில் போடலாமா? போடலாம் என்றால் இனி தாய் வித்தே வாங்க வேண்டாமே!


அன்னூர் வித்துக்காரர் எழுதியது:

மஞ்சள் நீர் பூசண இழை தானே வெளியே விடுவது. சூடு கூடினாலோ, உள்ளே வேண்டாத எதனோடாவது சண்டை நடந்தாலோ அதிகம் சொட்டும். நான்கைந்து சொட்டுக்குப் பயப்பட வேண்டாம். வாடையைப் பாருங்கள். நல்ல வித்து பச்சைக் காளான் மணக்கும். புளிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டிலைப் படுக்கைக்கு முதலில் பயன்படுத்திவிடுங்கள், சேமித்து வைக்க வேண்டாம்.

கெட்ட பாட்டில்களை மூடியபடியே குக்கரில் ஒரு மணி நேரம் அவித்து, ஆறிய பிறகு கொல்லையில் திறந்து குப்பைக்குழியில் கொட்டுங்கள். படுக்கைக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும்.

ஒரு பாட்டிலிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போகலாம். ஆனால் இரண்டு தலைமுறைக்கு மேல் இழுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இழையின் வேகமும் தளரும். தாய் வித்து வாங்கியே ஆக வேண்டும். உங்களுக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம்தானே, அங்கே விசாரியுங்கள். சின்னப் பாட்டில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம், என்ஜின் மூடி தேவைப்படாது.

இன்னொன்று, அடுத்த ஈட்டில் ஒரு பாட்டிலுக்கு வித்தே போடாமல் அப்படியே மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் அது சுத்தமாக இருந்தால் உங்கள் அவிப்பு சரி. அதற்குப் பிறகு ஏதாவது கெட்டால் கையைச் சந்தேகப்படலாம்.


கொல்லைப்புறம் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நிலவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த முறை சோளத்தை மாமியார் எடுத்துக்கொண்டார். வியாழன் மாலை ஊறப்போட்டு, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, வெள்ளி காலை அடுப்பில் ஏற்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கரண்டியில் நான்கு மணி எடுத்து, ஊதி, கட்டைவிரலால் முறத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினார். மணி தட்டையானது, நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை தெரிந்தது. "அந்தப் புள்ளி இருக்கும்போதே இறக்கு. வடிக்கிற நேரத்தில் மிச்சச் சூட்டில் அதுவும் வெந்துவிடும்" என்றார். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. மாமனாரின் பழைய வேட்டியில் திண்ணை நிழலில் பரப்பினோம். ஐப்பசி ஈரத்தில் புறங்கைச் சோதனை தேற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதுவரை காக்கையை விரட்டும் வேலை எனக்கு.

எட்டு பாட்டில். இரண்டு ஈடு, ஈட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். குக்கரைத் தானாக ஆறும் வரை தொடவில்லை. மெத்தைக் கடைப் பஞ்சு தண்ணீரில் மிதந்தது, சின்னவன் அதை வைத்து அரை நாள் விளையாடினான். ஆனால் ஒரு பாட்டிலுக்கு மட்டும் வேண்டுமென்றே பழைய மருந்துக்கடைப் பஞ்சை அடைத்தேன். ஐயா சொன்னதை நம்பாமல் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஒன்றை வித்துப் போடாமல் விட்டேன். விளக்கை விட்டுவிட்டுத் தம்பி சொன்ன பெட்டி முறையில்தான் மாற்றினேன். ஏழாம் நாள் ஒரு முறை குலுக்கினேன்.

பதின்மூன்றாம் நாள் ஆறு பாட்டில் அடி முதல் கழுத்து வரை வெள்ளை. வித்துப் போடாத பாட்டிலில் சோளம் போட்டபடியே இருக்கிறது, மாமியார் அதை எடுத்து வெங்காயம் தாளித்துவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மருந்துக்கடைப் பஞ்சுப் பாட்டிலில் மட்டும் பஞ்சை ஒட்டி மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். அதைத் திறக்கவில்லை.

நாளை மறுநாள் படுக்கை போடப் போகிறேன். ஒரு சிக்கல்: இந்த முறை வந்த வைக்கோல் மழையில் நனைந்து காய்ந்தது. கட்டின் நடுவில் கறுத்திருக்கிறது. எப்படியும் ஒரு மணி நேரம் வேகவைக்கத்தானே போகிறோம், பயன்படுத்தலாமா? வெளியே போட்டிருந்த நல்ல கட்டு இரண்டை எங்கள் மாடு தின்றுவிட்டது.


அன்னூர் வித்துக்காரர் எழுதியது:

கறுத்தது வேண்டாம். வேகவைத்தால் பூசணம் சாகும், ஆனால் அது தின்று தீர்த்த சத்து திரும்பி வராது. கட்டைப் பிரித்து மஞ்சளாக, முறித்தால் சடக்கென்று ஒடிகிற தாளை மட்டும் பொறுக்குங்கள். எட்டுப் படுக்கைக்காவது தேறும். மீதிப் பாட்டில்கள் இரண்டு வாரம் தாங்கும், வெயில் படாத அலமாரியில் வைத்திருங்கள்.

கொட்டகையில் காளான் வந்ததும் விளிம்பு மேலே சுருளும் முன் பறித்துவிடுங்கள். விட்டால் விதைத்தூள் பறந்து வீட்டில் எல்லோருக்கும் இருமல் வரும், மாமியாருக்கு முதலில் வரும்.

நடுவில் ஊசி முனை வெள்ளை இருக்கும்போதே இறக்குவது எனக்குப் புதிது. நாளைக்கு ஒரு கிலோ அவித்துப் பார்க்கிறேன்.